செந்நாய்களைக் காக்க நாய்களுக்கு ஊசி போட்டோம்

சென்ற மாதம் கூலாய் நகரில், கால்நடை உதவியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. காட்டை ஒட்டிய தோட்டங்களில் வளரும் நாய்களுக்கு வருடந்தோறும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடுவது இனி அவர்களுடைய வழக்கமான வேலைகளில் ஒன்று. அதை முதலில் செய்தவர்களில் ஒருத்தி என்று என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அரை மணி நேரம் கொடுத்தார்கள். நான் பாதிக் கதையில் இருக்கும்போதே மதியச் சாப்பாடு வந்துவிட்டது. பிரியாணி வாசனையோடு யார் போட்டி போட முடியும்? "மீதியை எழுதிக் கொடுத்துருங்கம்மா, படிச்சுக்கறோம்" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் இந்திராணி. சிகாமட்டில் பிறந்து, வேலைக் காலத்தின் பெரும்பகுதியையும் அங்கேயே கழித்தவள். சேர்ந்த புதிதில் மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, கோழிக்குச் சொட்டு மருந்து என்று எல்லா உதவியாளர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறும் மாதங்களில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டினேன். உதைகள் வாங்கினேன், கடிகள் வாங்கினேன். நாய்களைப் பிடிக்கும் கை எனக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அலுவலகத்தில் நாய் வேலை எல்லாம் என் பக்கம் வந்துவிட்டது. தோட்டங்களில் தாதிகளை மிஸி என்பார்கள். எனக்கு "நாய் மிஸி" என்று பெயர் விழுந்தது. கேலியாகத் தொடங்கிய பெயர்தான். பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

டாக்டர் ரொஹானி எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது என் வேலையில் பாதிக் காலம் முடிந்திருந்தது. ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, உயரவே உயராத குரல். அவசரம் என்று யாராவது ஓடி வந்தால் அவருடைய நடை இன்னும் மெதுவாகும். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். எந்த வேலையைத் தொடங்கினாலும், செய்யச் செய்ய அதை வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். "இப்ப கையுறை போடறேன். இப்ப பிடரித் தோலைத் தூக்கறேன். இப்ப ஊசி." ஒரு சாதாரணக் கோழிக்குக்கூட அப்படித்தான். முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக வந்தது. அடுத்த வாரம், அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை அடுத்த பொருளை எடுத்து நீட்டுவதைக் கவனித்தேன். அவரோடு வேலை செய்தவர்கள் யாரும் ஊசியை மாற்றி எடுத்ததில்லை, மருந்தைத் தவற விட்டதில்லை.

அவருடைய காரில் ஒரு டப்பா நிறையச் சுத்தமான மண் எப்போதும் இருக்கும். நாயைத் தொட்ட நாட்களில் வேலை முடிந்ததும் குழாயடிக்குப் போய், மண் கரைத்த தண்ணீரால் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரால் என்று இஸ்லாமிய மார்க்க முறைப்படி கைகளைக் கழுவிக்கொள்வார். ஒருமுறை கம்பத்துப் பெரியவர், அதாவது மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவர், இத்தனை சங்கடத்தோடு இந்த வேலை தேவையா என்று அவரிடமே கேட்டார். "நாயைத் தொட்டா கழுவிக்கலாம் பாக்சிக். வேலையைச் செய்யாம விட்டா எதை வெச்சுக் கழுவறது?" என்றார் டாக்டர். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மறுவாரம் தன் ஆடுகளை எங்களிடம் ஓட்டி வந்தார்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒரு பெரிய வெள்ளத்தில் தொடங்கியது. சிகாமட்டில் ஊருக்குள் தண்ணீர் ஏறியதும் பல குடும்பங்கள் தோட்டங்களில் இருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாய்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் வடிந்து மனிதர்கள் திரும்பியபோது நாய்களில் பல அங்கேயே தங்கிவிட்டன. அவற்றோடு நோயும் தங்கிவிட்டது.

காட்டோரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. பனை வரிசைகள் முடியும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சிற்றாறு ஓடும். அதற்கு அந்தப் பக்கம் காடு. அது அப்படியே எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா வரை போகிறது. அந்தத் தோட்டத்தில் நாய்கள் சாகின்றன என்று தகவல் வந்து நாங்கள் போனபோது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசல்களிலேயே நோய் தெரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல், சாப்பிடாமல் கிடப்பது, சில நாய்களுக்கு உடம்பு விட்டுவிட்டு உதறுவது. டாக்டர் ஒரு நாயின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். மெத்தை தடித்து, காய்ந்த ரப்பர் மாதிரி இருந்தது. "டிஸ்டெம்பர்" என்றார்.

அன்று எங்களோடு வனவிலங்கு அதிகாரி அஸ்மியும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு அதுவரை புரியவில்லை. அவர் கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரத்தில் கட்டியிருந்த கேமரா எடுத்தது. செம்பட்டை உடம்பு, கறுத்த புதர் வால், வட்டமான காதுகள். நாய் மாதிரி இருந்தது, ஆனால் நாய் இல்லை.

"அஞ்சிங் ஹுத்தான்," என்றார் அஸ்மி. நாம் செந்நாய் என்கிறோமே, அது.

தோட்டத்துக்காரர்கள் செந்நாயைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். குரைக்காது, விசில் அடிக்கும் என்பார்கள். கூட்டமாகத் திரியும், கூட்டமாக வேட்டையாடும், ஒரு தாய் போட்ட குட்டிகளுக்குக் கூட்டமே இரை கொண்டுவந்து ஊட்டும். புலிக்குக் கிடைக்கும் பேச்சும் கவலையும் அதற்குக் கிடைப்பதில்லை. சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வந்துவிட்டது.

"இந்தக் கூட்டத்துல குட்டி இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றார் அஸ்மி. "இது போச்சுன்னா இந்தப் பக்கத்துல இன்னொரு கூட்டம் இருக்கான்னு எனக்குத் தெரியாது."

நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் செந்நாய்க்கும் வரும். ஒரே கூட்டமாக, மூக்கோடு மூக்கு உரசி வாழும் மிருகம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். காட்டுக்குள் போய் அவற்றைப் பிடித்து ஊசி போட முடியாது; நம்மால் நெருங்கவே முடியாது. முடிந்தது ஒன்றுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்லா நாய்களுக்கும் ஊசி போட்டு, நோய் ஆற்றைத் தாண்டாமல் மறிப்பது.

பேச்சின் முடிவில் 'லா' சேர்க்கும் தோட்ட மேனேஜர் லிம்முக்கு வேறு யோசனை இருந்தது. கெட்ட மனிதர் அல்ல. ஆட்கள் வேலைக்கு வராமல் செத்த நாய்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள், அது அவருக்குத் தலைவலி. "சுட ஆள் கூப்பிடறேன், டாக்டர். ஒரே நாள்ல முடிஞ்சிடும் லா."

டாக்டர் நாற்காலியை இழுத்து நிதானமாக உட்கார்ந்தார். "மிஸ்டர் லிம், துப்பாக்கின்னு சொன்னதும் இங்க என்ன நடக்கும்? ஆளுங்க நாயை ஒளிச்சு வெப்பாங்க. சொந்தக்காரங்க தோட்டத்துக்குக் கொண்டு போவாங்க. நோய் நாலு தோட்டத்துக்குப் போகும். நீங்க சுட்டுக் காலி பண்ண எடத்துக்கு வெளிய இருந்து புது நாய் வரும். அதுக்கும் ஊசி போட்டிருக்காது. எனக்கு உயிரோட இருக்கற நாய்தான் வேணும். ஊசி போட்ட நாய்தான் எனக்கு வேலி."

லிம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாளாகும்?"

"தெரியாது. ஆனா துப்பாக்கி வராதுன்னு நீங்க வாக்குக் குடுத்தா சீக்கிரம் முடியும்."

அவர் கொடுத்தார். கொடுத்த பிறகு அரைகுறையாகச் செய்யவில்லை. நாய்களைக் கட்டிவைக்கச் சங்கிலிகள் வாங்கித் தந்தார், ஒரு டிராக்டரும் தந்தார்.

வேலையின் வரிசையை டாக்டர்தான் வகுத்தார். ஆற்றோர வீடுகளிலிருந்து தொடங்கி ஊர்ப்பக்கமாக வர வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் நோயில்லாத வீடுகளுக்கு முதலில் போக வேண்டும், நோயுள்ள வீடு கடைசி. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நகரும்போது பூட்ஸ் அடியைக் கிருமிநாசினித் தட்டில் ஊன்றித் தேய்க்க வேண்டும், கையுறையை மாற்ற வேண்டும். தடுப்பு மருந்து பொடியாக ஒரு சீசாவிலும் அதைக் கரைக்கும் நீர் இன்னொன்றிலும் வரும். இரண்டும் ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வெயிலைப் பார்க்கக் கூடாது. நாயைப் பிடித்த பிறகுதான் கலக்க வேண்டும், கலந்ததும் போட்டுவிட வேண்டும். முதலில் கலந்து வைத்துக்கொண்டு நாயைத் துரத்துவது மருந்தைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம்.

பிடிப்பது என் பாகம். நாயை நேராகப் பார்க்க மாட்டேன். பக்கவாட்டில் குந்தி, வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பேன். நாய் என்னை மோந்து முடிக்கும்வரை காத்திருப்பேன். துணிப் பட்டையை வாயைச் சுற்றிப் போட்டு, தாடைக்கடியில் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. அதன் பிறகு என் முழங்கையும் மார்பும் நாயை அணைத்துக்கொள்ளும். டாக்டர் பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியை இறக்குவார். முடிந்ததும் கழுத்தில் ஒரு மஞ்சள் நாடா. தோட்டத்தில் மஞ்சள் கழுத்துகள் கூடக்கூட எங்களுக்கு உற்சாகம் கூடியது.

ஆனால் முக்கியமான கழுத்துகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பனங்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டும் ராமையா அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். நல்ல வேட்டை நாய்கள் வைத்திருந்தார். அந்த நாய்கள்தான் ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போய்வருபவை. தோட்டம் முழுக்க ஊசி போட்டு அவற்றை மட்டும் விட்டால், செய்ததெல்லாம் வீண்.

அவர் வீட்டு வாசலில் ஒரு நாய்கூட இல்லை.

"நாயா? எங்கிட்ட நாயே கெடையாது மிஸி. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி பார்வதி அக்கா அடுப்பில் ஒரு பெரிய அலுமினிய அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். நொய்யரிசியும் மீன் தலையும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

"அப்ப இவ்வளவு சோறு யாருக்குண்ணே?" என்று கேட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

"முன்ன ஒரு தடவ இப்படித்தான் வந்தாங்க," என்றார். "நாய எண்ணிட்டுப் போறோம்னாங்க. எண்ணிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் வேற ஆளுங்க துப்பாக்கியோட வந்தாங்க. ஏழு வருசம் எங்கூடக் காட்டுக்கு வந்த நாய என் கண்ணு முன்னாடி சுட்டாங்க. நீங்க நல்லவங்களா இருக்கலாம் மிஸி. உங்களுக்குப் பின்னாடி யார் வர்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதை அப்படியே நான் டாக்டரிடம் மலாயில் சொன்னேன். அவர் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். அண்ணனுக்கும் மலாய் நன்றாகத் தெரியும், மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"முன்ன வந்தவங்களுக்காக நான் பேச முடியாது. மேனேஜர் எங்கிட்ட வாக்குக் குடுத்திருக்கார். என் பொறுப்புல இருக்கறவரைக்கும் இங்க துப்பாக்கி வராது. அதைத்தவிர வேற எதுக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அண்ணன் அசையவில்லை. அண்டாவைக் கிளறும் சத்தம் நின்றது. பார்வதி அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"லில்லிக்கு முடியலங்க," என்றார். "ரெண்டு நாளா தண்ணிகூடக் குடிக்கல. இவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். பழைய பால் கொட்டாயில இருக்குதுங்க எல்லாம்."

தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் மரப்பாலை எடைபோட்ட இடம் அது. கூரை பாதி போயிருந்தது. உள்ளே நாய்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டிருந்தன, நல்ல உருப்படிகள். ஓர் ஓரத்தில் சாக்கின்மேல் ஒரு பழுப்பு நிறப் பெண் நாய் தலை தூக்காமல் கிடந்தது. அதுதான் லில்லி. பன்றியின் தந்தம் கிழித்த பழைய தழும்பு ஒன்று தோளிலிருந்து விலாவரை ஓடியது. அண்ணன் அதன் அருகில் உட்கார்ந்து கண்ணில் ஒட்டியிருந்த சீழைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"பொழைக்குமா டாக்டர்?"

"பாதிக்குப் பாதிகூடச் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "இந்த நோய்க்கு மருந்து இல்ல. நாம அதுக்குத் தெம்பு குடுக்கலாம். சண்டை போட வேண்டியது அதுதான்."

அண்ணன் கொஞ்ச நேரம் லில்லியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பொழைச்சிரும்னு சொல்லியிருந்தா உங்கள நம்பியிருக்க மாட்டேன்" என்றார். எழுந்து போய் முதல் நாயை அவிழ்த்து வந்து, என் பட்டைக்குக் காத்திருக்காமல் தன் கையாலேயே அதன் வாயைப் பிடித்துக் கொடுத்தார். வரிசையாக எல்லாவற்றுக்கும் ஊசி போட்டோம். லில்லி மட்டும் தனியாக வீட்டுக்குப் பின்னால் மாற்றப்பட்டது.

அதன் பிறகு என் நாட்கள் லில்லியோடுதான் தொடங்கின. தோலுக்கடியில் உப்பு நீர் ஏற்றுவேன். நுரையீரலுக்கு மருந்து கொடுப்பேன். பார்வதி அக்கா ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை உறிஞ்சி, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடக் கற்றுக்கொண்டார். அண்ணன் விடிந்ததும் ஒருமுறை, குலை ஏற்றிவிட்டு வரும் வழியில் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை வந்து கண்ணைக் கழுவிவிடுவார். மோசமான நாட்கள் இருந்தன. ஒரு நாள் காலையில் அதன் உடம்பு முழுவதும் உதற, அண்ணன் எழுந்து வெளியே போய் டிராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் போய்க் கூப்பிடவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் நான் கொல்லைப்பக்கம் போனபோது பார்வதி அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "இங்க பாருங்க மிஸி, இவ பண்ணின வேலைய." கோழிக்கு வைத்திருந்த சோற்றுத் தட்டு காலியாகக் கிடந்தது. லில்லி தள்ளாடியபடி நின்று, தட்டை நக்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தாடை மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. அந்தத் துடிப்பு கடைசிவரை போகவில்லை. எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். "வெத்தல போடறா" என்பார் அண்ணன்.

அதற்குப் பிறகு நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ராமையா அண்ணன் தன் வேட்டைக் கூட்டாளிகள் எல்லாரிடமும் போனார். அடுத்த கம்பத்துப் பூர்வக்குடிக்காரர்கள், சின்னத் தோட்டம் வைத்திருக்கும் சீனர்கள் என்று அவருக்குக் காட்டில் பழக்கமானவர்கள் ஏராளம். லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒரு கூண்டு வண்டியிலுமாக நாய்கள் வந்து இறங்கின. மழைக்காலம் முடியும்வரை ஆற்றைத் தாண்டி வேட்டை கிடையாது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொண்டார்கள். நாங்கள் கேட்கக்கூட இல்லை. ஒரு மாலை டாக்டர், ஊசி போட்ட வீடுகளைக் குறித்துவந்த வரைபடத்தில் கடைசி வீட்டுக்கும் மஞ்சள் பொட்டு வைத்தார். ஆற்றோரம் முழுவதும் இடைவெளியில்லாமல் மஞ்சள். என் வேலைக் காலத்தில் அதைப்போல ஒரு அழகான வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் முழுதாக அடங்குவதற்குள் அஸ்மி கூப்பிட்டார். தோட்டத்தை ஒட்டிய செம்மண் சாலையில் ஒரு செந்நாய் செத்துக் கிடந்தது.

தோட்டத்து உரக் கொட்டகையில் ஒரு துத்தநாக மேசையைக் கழுவி அதன்மேல் கிடத்தினோம். நான் நேரில் பார்த்த முதல் செந்நாய் அது. முடி அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சாலையில் கிடந்ததென்றால் வண்டி மோதியதுதானே என்று அஸ்மி கேட்டார். டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"மோதியிருக்கலாம். ஆனா டிஸ்டெம்பர் வந்த மிருகத்துக்குப் பயம் போயிடும். பகல்லயே ரோட்டுக்கு வந்து நிக்கும். அதனால வண்டி அடிச்சதுங்கறத மட்டும் வெச்சு எதையும் சொல்ல முடியாது."

அவர் தொடங்கினார். "இப்ப கண்ணு பார்க்கறேன். சுத்தம். இப்ப மூக்கு. ரத்தம் இருக்கு, சீழ் இல்ல. இப்ப கால் மெத்தை." அவர் விரல் அழுத்தியது. "மெத்துன்னு இருக்கு." நான் அஸ்மியைப் பார்த்தேன், அஸ்மி என்னைப் பார்த்தார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மார்பைத் திறந்தபோது விலா எலும்புகள் ஒரு பக்கம் முறிந்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. பிறகு வயிற்றுப் பக்கம் அவர் கை நின்றது.

"பால் குடுத்திருக்கு," என்றார். "வத்த ஆரம்பிச்சிருக்கு. ஆனா குடுத்திருக்கு."

 அப்படியென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குட்டிகள் இருந்தன. தாய்க்கு நோய் இருந்திருந்தால் அவை எல்லாவற்றுக்கும் இருக்கும். நோய் இல்லையென்றால், பால் வற்றும் வயதாகிவிட்ட குட்டிகள், இறைச்சி தின்னத் தொடங்கியிருக்கும். தாய் இல்லாவிட்டாலும் கூட்டம் ஊட்டி வளர்த்துவிடும் என்றார் அஸ்மி. எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்கியது.

மூளை, நுரையீரல், சிறுநீர்ப்பை, மூக்கிலிருந்து ஒரு பஞ்சுக்குச்சி. ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனிப் புட்டியில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். அன்றே ஆய்வுக்கூடத்துக்கு நானே கொண்டுபோனேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையில் ஏறும் முன் டிரைவர் தே தாரிக் என்னும் பால் தேநீர் குடிக்க நிறுத்தினார். நான் இறங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாயின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் வர நாட்களாயின. ராமையா அண்ணன் தினமும் போன் செய்வார். "ஒன்னும் வரலியா மிஸி?" "வரலண்ணே." "சரி." அவ்வளவுதான் பேச்சு. தன் நாய்கள் எதுவும் காரணமாக இருந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு முற்பகலில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. டாக்டர் எடுத்தார். கேட்டார். ஒரு கேள்வி கேட்டார், இன்னொருமுறை கேட்டார். நன்றி சொல்லி வைத்தார். நாங்கள் எல்லாரும் அவரவர் மேசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்ல," என்றார். "எந்த மாதிரியிலயும் இல்ல. சுத்தம்."

அவர் எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார். வேகமாக. அவர் வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நான் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது. போனில் சொல்லலாமே என்றேன். "இதைப் போய் போன்லயா சொல்றது?" என்றார். தோட்டத்துக்குப் போய் எடைமேடை அருகே டிராக்டரை மறித்தோம். அண்ணன் விஷயத்தைக் கேட்டார். இன்ஜினை அணைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க நாய்ங்க குடுக்கல" என்றார், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு உரக்க, எடைமேடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒரு காட்டோரத்தில், ஒரு நோயை, முழங்கால் ஆழ ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்தினோம்.

அதன் பலனைக் கண்ணாலும் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது. இரண்டாவது சுற்று ஊசிக்காகப் போன காலை. அஸ்மியும் வந்திருந்தார். முதல் நாள் மழையில் ஆற்றோரப் பாதை சேறாகியிருந்ததால் எங்கள் காரை விட்டுவிட்டு ராமையா அண்ணனின் டிராக்டர் பெட்டியில் ஏறிக்கொண்டோம். பனி இன்னும் பனை மட்டைகளில் தொங்கியது. கடைசி வரிசைக்கு வந்தபோது அண்ணன் திடீரென்று வண்டியை நிறுத்தினார்.

"அசையாதீங்க," என்றார்.

முதலில் விசில்தான் கேட்டது. யாரோ ஒரு ஆள் பல் இடுக்கில் காற்றை விட்டு மெல்லக் கூப்பிடுவது போல. பதிலுக்கு வேறொரு இடத்திலிருந்து இன்னொன்று. பிறகு புற்களுக்கிடையிலிருந்து ஒரு செந்நாய் பாதைக்கு வந்து நின்றது. எங்களைப் பார்த்தது. கண்ணிலும் மூக்கிலும் சீழில்லை, அவசரமில்லை, பயமில்லை, நாங்கள் என்ன என்று யோசிப்பது போல் தலையைச் சாய்த்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் ஒன்று. காலை வெயில் பட்டு அவற்றின் முதுகு பழுத்த பனங்குலை நிறத்தில் இருந்தது.

பிறகு குட்டிகள் வந்தன. கரும்பழுப்பாக, காலுக்கும் உடம்புக்கும் பொருத்தமில்லாமல், ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு. எண்ணத் தொடங்கினேன், அவை உருண்டு கலந்துவிட்டதில் கணக்கு விட்டுப்போனது. ஒரு குட்டி பாதை நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. பெரிய செந்நாய் ஒன்று திரும்பி வந்து அதை மூக்கால் முட்டியது. அது தாயாக இருக்க முடியாது. தாயை நாங்கள் பார்த்துவிட்டோம். கூட்டத்தில் ஏதோ ஒரு அத்தை, ஒரு சித்தப்பா. குட்டி உடனே அதன் வாயை நக்கிக் கெஞ்சியது. பெரியது குனிந்து, வயிற்றிலிருந்து இறைச்சியைக் கக்கிக் கொடுத்தது. மற்றக் குட்டிகள் ஓடிவந்து மேலே விழுந்தன.

டாக்டர் என் தோளைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் அழுந்துவதை உணர்ந்தேன். அஸ்மி கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அதை மறந்துவிட்டு நின்றார். லயத்தில் எங்கள் மஞ்சள் கழுத்து நாய்கள் கட்டிய இடத்திலிருந்தே குரைத்துத் தள்ளின. செந்நாய்கள் அந்தச் சத்தத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தின்று முடித்து, ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கின. குட்டிகள் நீரைத் தெறித்துக்கொண்டு பின்னால் ஓடின. கடைசியாகப் போனது கரையில் நின்று உடம்பை உதறிக்கொண்டது. பிறகு காடு மூடிக்கொண்டது.

 முதலில் சிரித்தது டாக்டர்தான். வாய்விட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அது எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. ராமையா அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"இத்தன வருசம் காட்டுக்குப் போயிருக்கேன் மிஸி," என்றார். "அதுங்க என்னப் பாத்து ஓடித்தான் பாத்திருக்கேன். இப்படி நின்னு சாப்பிட்டுப் போனத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"போலாமாண்ணே? ஊசி போடணும்ல," என்றேன்.

லயத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சங்கிலியிலும் கயிற்றிலும் கூண்டிலுமாக நாய்களைப் பிடித்துக்கொண்டு கோயில் மைதானம்வரை ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பார்வதி அக்கா லில்லிக்குப் பொட்டு வைத்துக் கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால், முதல் ஆளாக, மேனேஜர் லிம். அலுவலகச் சட்டை மடிப்பு கலையாமல், புசுபுசுவென்ற ஒரு வெள்ளைக் குட்டி நாயை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"என் ஒய்ஃபோடது லா," என்றார் அவராகவே. "வலிக்காம போடுங்க, மிஸி."